மூச்சை அளந்த கதை: கரோல் பாகிலிருந்து சில குறிப்புகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் தலைநகரில் தமிழர் வாழ்வு பற்றி ஏதாவது எழுதித் தரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு ஆண்டுகளாக மனத்தில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் சரியாக வராது என்று தோன்றியது. ஆகவே அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இது உடற்பயிற்சியைப் பற்றிய கட்டுரை. அதைவிட, உடல் படும் பாட்டை மனிதன் எப்படி அளக்கக் கற்றுக்கொண்டான் என்ற வரலாற்றைப் பற்றிய கட்டுரை.

நான் கரோல் பாகுக்குக் குடிவந்தது 1974-இல். பௌதிக ஆசிரியர் வேலை, வெஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் ஏரியாவில் ஒரு மொட்டைமாடி அறை. இங்குள்ளவர்கள் அதை ‘பர்சாத்தி’ என்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் பாரபட்சம் காட்டாத அறை. புதுடெல்லி கட்டுவதற்காகக் கிராமங்களைக் காலி செய்தபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. 1947-க்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் கடை பரப்பினார்கள். செக்ரடேரியட் உத்தியோகத்துக்கு வந்த நம்மவர்கள் மெஸ்ஸும் காபிப்பொடிக் கடையும் இருக்கும் தெருவாகப் பார்த்து ஒண்டிக்கொண்டார்கள். அன்று முதல் இன்றுவரை என் காலை நடை அஜ்மல் கான் பூங்காவில்தான்.

அந்தப் பூங்காவில் இப்போது இளைஞர் கூட்டம் ஒன்று வருகிறது. பயிற்சியாளர் விசில் ஊதினால் இருபது வினாடி பேய் மாதிரி ஓட்டம். மறுபடி ஊதினால் பத்து வினாடி ஓய்வு. மீண்டும் ஓட்டம். நாலு நிமிஷத்தில் எல்லோரும் புல்லில் மல்லாந்து கிடப்பார்கள். தீவிர இடைவெளிப் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். என் பேரன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரம் ஓட்டம் முடிந்ததும், “வி.ஓ.2 மேக்ஸ் 41” என்று ஒரு எண்ணைக் காட்டும். “தாத்தா, இதுதான் என் இன்ஜின் கெபாசிடி” என்பான்.

என் நண்பர் ஒருவர், வயது 64, என்னோடு முப்பது வருஷம் நடந்தவர், இந்த இளைஞர்களைப் பார்த்து ஆசைப்பட்டார். “வாத்தியாரே, எனக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க. எவ்வளவு வேகம் போகலாம்?” என்றார். நானும் எங்கோ படித்த சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். 220-இல் வயதைக் கழித்தால் 156. அதில் 85 சதவீதம் 133. “நாடித்துடிப்பு 133 வரணும் சார், அப்பதான் பலன்” என்றேன். பௌதிக வாத்தியார் சொன்னால் தப்பாக இருக்குமா?

அவர் ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டு வந்த மாத்திரை, இதயம் வேகமாகத் துடிப்பதையே தடுக்கிற வகை என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு ஓடினாலும் கடிகாரம் 110-க்கு மேல் ஏறவில்லை. ‘இன்னும் போதவில்லை போலிருக்கிறது’ என்று ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஓடினார். மூன்றாம் வாரம் ஒரு டிசம்பர் காலையில் பனிமூட்டத்துக்கு நடுவே வேப்பமரத்தடியில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார், இறைவன் கருணை. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் அவர் மனைவி என்னிடம், “நீங்க சொன்ன நம்பர் வரலைன்னுதான் ஓடினார்” என்று சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது, அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று தேடப்போன இடத்தில்தான் இந்த வரலாறு கிடைத்தது. அதில் பெரும்பகுதி நம் டெல்லியிலேயே நடந்திருப்பது எனக்கே ஆச்சரியம்.

பையில் பிடித்த மூச்சு

நாம் உழைக்கும்போது தசைகள் பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவை அளந்தால் உழைப்பை அளந்ததாகும். இதை முதலில் செய்து பார்த்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே. 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் உதவியாளர் செகன் என்பவரின் முகத்தில் கவசம் பொருத்தி, சும்மா இருக்கும்போதும் காலால் பளுவை இயக்கும்போதும் அவர் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தார். வேலை கூடினால் நுகர்வும் கூடுகிறது என்று கண்டார். அவர் மனைவி அந்தச் சோதனையைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார். 1794-இல் புரட்சிக்காரர்கள் லவாசியேயின் தலையை வெட்டிவிட்டார்கள்.

அடுத்த பெரிய படி 1911-இல் இங்கிலாந்தின் டக்ளஸ் செய்த பை. ரப்பர் பூசிய துணிப்பை, ஒரு குழாய், ஒரு வால்வு, அவ்வளவுதான். வெளிக்காற்று உள்ளே வரும். விடும் மூச்சு முழுவதும் பைக்குள் போகும். பிறகு பையில் எத்தனை லிட்டர் காற்று, அதில் பிராணவாயு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். கணக்கு மிக எளிது. வெளிக்காற்றில் பிராணவாயு சுமார் 20.9 சதவீதம். விடும் மூச்சில் 16.9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4. ஒரு நிமிஷத்தில் பையில் 50 லிட்டர் சேர்ந்திருந்தால், உடல் எடுத்துக்கொண்டது 2 லிட்டர். (நுட்பமான திருத்தங்கள் சில உண்டு, இங்கே தேவையில்லை.) சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 3.5 மில்லிலிட்டர் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. அறுபது கிலோ ஆசாமிக்கு 210 மில்லிலிட்டர். ஒரு டம்ளர் காப்பி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடியவர் ஏ.வி. ஹில். மான்செஸ்டர் நகரில் ஒரு புல்தரை வட்டத்தில் தாமும் நண்பர்களும் ஓடி அளந்தார். வேகம் கூடக் கூட நுகர்வும் கூடுகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் என்ன ஓடினாலும் நுகர்வு ஏறுவதில்லை. அவருக்கு அது நிமிஷத்துக்குச் சுமார் 4 லிட்டரில் நின்றது. 1923-இல் லப்டன் என்பவரோடு சேர்ந்து இதை வெளியிட்டார். பேரன் கடிகாரம் காட்டும் ‘வி.ஓ.2 மேக்ஸ்’ என்ற உச்ச நுகர்வின் பிறப்பு இதுதான். உச்சத்துக்கு மேல் ஓடினால் உடல் கடன் வாங்குகிறது, ஓட்டம் நின்ற பிறகு மேல்மூச்சு வாங்கி அந்தக் கடனை அடைக்கிறது என்றும் அவர் சொன்னார். ‘பிராணவாயுக் கடன்’ என்ற சொல் அவருடையதே. கடனின் கணக்கு பிற்பாடு நிறையத் திருத்தப்பட்டது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி டெல்லிக்கு வருவோம். இதே ஹில், 1943 நவம்பர் முதல் 1944 ஏப்ரல் வரை இந்திய அரசின் அழைப்பில் இங்கே சுற்றுப்பயணம் செய்தார். இந்தியாவில் விஞ்ஞான ஆராய்ச்சி எப்படி அமைய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அகில இந்திய அளவில் ஓர் உயர்ந்த மருத்துவக் கல்வி மையம் வேண்டும் என்பது அதில் ஒன்று. 1946-இல் போர் குழுவும் அதையே வலியுறுத்த, 1956-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் எய்ம்ஸ் உருவானது. மூச்சைப் பையில் பிடித்த மனிதருக்கு, நாம் ஆத்திர அவசரத்துக்கு ஓடும் அந்த ஆஸ்பத்திரியின் பிறப்பில் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

சென்னைப் பெண்களும் பாஸ்டன் அளவுகோலும்

தமிழ்நாட்டில் இந்த அளவை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்திய பெனடிக்ட் என்பவரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931-இல் வெளியிட்டார். அடிப்படை என்றால், காலையில் வெறும் வயிற்றோடு, அசையாமல் படுத்த நிலையில், உயிர் தரித்திருக்க மட்டும் ஆகும் செலவு. அந்தக் காலத்துச் சென்னையில், பெண்கள் கல்லூரி ஒன்றில், நம் வீட்டுப் பெண்கள் குழாயில் மூச்சு விட்டுப் படுத்திருந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

முடிவு என்ன? மேனாட்டு அளவுகோலின்படி இருக்க வேண்டியதைவிட நம் பெண்களின் நுகர்வு கணிசமாகக் குறைவு. ஏன் என்று பெரிய விவாதம் நடந்தது. வெப்பமான சீதோஷ்ணம் என்றார்கள், இனம் என்றார்கள், தசையைத் தளர்த்திப் படுக்கும் பழக்கம் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து விஷயம் தெளிந்தது. ஒரே எடையுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தசை அதிகம், மற்றவருக்குக் கொழுப்பு அதிகம் என்றால் செலவும் வேறாகத்தான் இருக்கும். உடலின் சேர்மானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் வித்தியாசத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. உடலில் குறை ஒன்றும் இல்லை. ஒப்பிட எடுத்த அளவுகோல் வேறு யாருக்கோ தைத்த சட்டை.

இந்த இடத்தில் நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நண்பருக்கு நான் போட்டுக் கொடுத்ததும் வேறு யாருக்கோ தைத்த சட்டைதானே!

பெட்டிக்குள் யோகி, பனியில் சிப்பாய்

கரோல் பாகிலிருந்து பஞ்சகுயான் சாலை வழியாகக் கன்னாட் பிளேஸ் போனால் வழியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்தவர் பி.கே. ஆனந்த், பசியைத் தூண்டும் மையம் மூளையில் எங்கே இருக்கிறது என்று 1951-இல் அமெரிக்காவில் கண்டறிந்தவர். எய்ம்ஸ் தொடங்கியதும் அதன் உடலியங்கியல் துறைக்குத் தலைவரானார். 1961-இல் ஆனந்தும், சைனாவும், பல்தேவ் சிங்கும் ஒரு விநோதமான ஆய்வை வெளியிட்டார்கள். ராமானந்த் என்ற யோகியைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் மணிக்கணக்கில் அமரவைத்து, அவர் நுகரும் பிராணவாயுவை அளந்தார்கள். அவருடைய அடிப்படைத் தேவை என்று முன்கூட்டி அளந்திருந்ததற்கும் கீழே நுகர்வு இறங்கியது!

பூமிக்கடியில் சமாதியிருப்பதைப் பற்றி அதுவரை இருந்தவை இரண்டே கட்சிகள். ஒன்று, தெய்வ சக்தி, இல்லாவிட்டால், பித்தலாட்டம். இவர்கள் இரண்டையும் சொல்லவில்லை, அளந்தார்கள், எழுதினார்கள். இதயம் நிற்கவில்லை, மூச்சு நிற்கவில்லை. செலவு மட்டும் குறைந்தது. ‘அடிப்படை’ என்று நாம் கோடு கிழித்த இடம்கூட எல்லோருக்கும் தரை அல்ல என்பதைத்தான் அந்தப் பெட்டி காட்டியது.

இன்னொரு பக்கம், டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் ஏ.எஸ். பெயிண்டல் ஆராய்ந்துவந்தார். நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கும் ஒருவகை உணர்விகளை அவர் 1955-இல் அடையாளம் காட்டினார். பின்னாளில் அவற்றுக்கு ‘ஜே’ உணர்விகள் என்று பெயரிட்டார். நுரையீரலில் ரத்தம் தேங்கி நீர் கசியத் தொடங்கினால் இவை மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது, திணறல் உண்டாகிறது, கூடவே கை கால் தசைகளின் இயக்கத்தை மட்டுப்படுத்தும் விளைவும் உண்டு என்று பெயிண்டல் காட்டினார். சுருங்கச் சொன்னால், ‘போதும், நிறுத்து’ என்று உள்ளிருந்து ஒருவர் மணி அடிக்கிறார். மூச்சுத் திணறலை நாம் பலவீனம் என்கிறோம். அது காவல்காரன்.

1962-இல் பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வு நிலையம் டெல்லியில் தொடங்கப்பட்டது. சுருக்கமாக டிபாஸ் என்பார்கள். இப்போது திமார்பூரில் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டது. சமவெளியிலிருந்து சிப்பாய்களை அவசர அவசரமாகப் பனிமலைக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. மலை உச்சியிலும் காற்றில் பிராணவாயு அதே 20.9 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு. லே நகரின் 3,500 மீட்டர் உயரத்தில் கடல்மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். பெரிய மூச்சு இழுத்தாலும் சரக்குக் குறைவு.

எஸ்.எஸ். ராமசாமி முதலியோர், இளகிய பனியில் கால் புதைய நடக்கும்போது சக்திச் செலவு எவ்வளவு கூடுகிறது என்று அளந்து 1966-இல் எழுதினார்கள். கூடுகிறது என்று சிப்பாய்க்குத் தெரியாதா? தெரியும். ஆனால் டெல்லியில் உட்கார்ந்து, நாளைக்கு இத்தனை மைல் நடக்க வேண்டும், இத்தனை ரொட்டி போதும் என்று எழுதுகிற அதிகாரிக்கு அது எண்ணாக வந்தால்தான் ஏறும். 1969-இல் இந்தர் சிங் முதலிய மருத்துவர்கள் 1,925 இந்தியச் சிப்பாய்களின் மலைநோயைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடிபட்ட பாடத்தை அப்படியாவது எழுதி வைத்தார்கள். எவரெஸ்ட் உச்சியளவு குறைந்த அழுத்தத்தில் மனிதனின் உச்ச நுகர்வு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் என்று 1981-இல் ஜான் வெஸ்ட் தலைமையிலான குழு கண்டது. கடல்மட்டத்தில் மெதுவாக நடக்கத்தான் அது போதும்.

விசில் ஊதும் பயிற்சியின் பூர்வீகம்

இருபது வினாடி ஓட்டத்துக்கு வருகிறேன். ஓட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி நடுவே ஓய்வு வைக்கும் முறையை 1930-களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரெய்ண்டெல் என்ற இதய மருத்துவரும் ஒழுங்குபடுத்தினார்கள். நாடி 180 வரை ஏறட்டும். 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். அவர்களிடம் பயின்ற ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 வினாடியில் ஓடினார். பதினாறு ஆண்டுகள் யாரும் அதை முறியடிக்கவில்லை. பின்னர் செக் நாட்டு ஸாடோபெக், 400 மீட்டர் ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

இதன் சூட்சுமத்தை 1960-இல் சுவீடன் நாட்டு ஆஸ்ட்ராண்ட் குழுவினர் மூச்சை அளந்து விளக்கினார்கள். தொடர்ந்து செய்தால் சில நிமிஷங்களில் ஆளைச் சாய்த்துவிடும் பளுவை, அரை நிமிஷம் வேலை, அரை நிமிஷம் ஓய்வு என்று பிரித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடிகிறது. 1996-இல் ஜப்பானின் டபாடா, உச்ச நுகர்வுக்கு ஈடான பளுவைப்போல் 170 சதவீதப் பளுவில், இருபது வினாடி வேலை, பத்து வினாடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்றுகள் செய்யவைத்தார். ஆறு வாரத்தில் உச்ச நுகர்வு கிலோவுக்கு 7 மில்லிலிட்டர் ஏறியது. கடன் வாங்கும் திறன் 28 சதவீதம் கூடியது. அஜ்மல் கான் பூங்கா விசிலின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் கவனியுங்கள். டபாடாவின் சோதனைக்கு உட்பட்டவர்கள் ஏற்கெனவே விளையாட்டில் பழகிய இளைஞர்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் முகக்கவசம் மாட்டி, அவரவர் உச்சத்தை அளந்து, அதற்கேற்ற பளுவைச் சைக்கிளில் பூட்டினார்கள். பூங்காவில் நாம் எடுத்துக்கொண்டது விசிலை மட்டும். சட்டைக்கு அளவெடுத்த பகுதியை விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. ஓடத் தொடங்கியதும் நுகர்வு உடனே மேலே போய்விடாது. பளுவுக்கேற்ற மட்டத்தை எட்ட இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும். நாடித்துடிப்பும் அப்படியே பின்தங்கித்தான் வரும். ஆகவே இருபது வினாடி ஓட்டத்தின் கடுமையைக் கடிகாரத்தின் நாடி எண் காட்டவே காட்டாது. அது காட்டும்போது ஓட்டம் முடிந்திருக்கும். ‘வி.ஓ.2 மேக்ஸ்’ என்று அது சொல்வதும் மூச்சை அளந்த எண் அல்ல. நாடி, வேகம், வயது இவற்றை வைத்துப் போட்ட மதிப்பீடு. மதிப்பீடு தப்பு என்று சொல்லவில்லை. அதை அளவு என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியில் நாம் பட்டது யாருக்கும் மறக்காது. வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் கருவி. 94-க்குக் கீழே போனால் நெஞ்சு பதறும். அந்த எண் வேறு, இந்த எண் வேறு. அது ரத்தத்தில் ஏறியிருக்கும் பிராணவாயுவின் அளவு. கிடங்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது போல. இது உடல் எடுத்துச் செலவழிக்கும் அளவு. கிடங்கு நிறைந்திருந்தும் வண்டி பழுதாக இருக்கலாம்.

220 எங்கிருந்து வந்தது?

கடைசியில் என் குற்றத்துக்கு வருகிறேன். 1971-இல் ஃபாக்ஸ் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், பல ஆய்வுகளிலிருந்து எடுத்த புள்ளிகளை ஒரு படத்தில் போட்டு, சுமாராக ஒரு கோடு போகிறது என்று காட்டினார்கள். அந்தக் கோடுதான் 220 கழித்தல் வயது. அதைப் பரிசோதனையால் நிறுவிய விதி என்று அவர்கள் சொல்லவில்லை. பிற்பாடு பாடப்புத்தகம், பயிற்சிக்கூடச் சுவர், கடிகாரம் என்று ஏறி அது விதியாகிவிட்டது. ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சர்வசாதாரணம். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி 64 வயதுக்கு 163. இரண்டு சூத்திரத்துக்குள்ளேயே ஏழு வித்தியாசம். நாடியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ இரண்டுமே பொருந்தாது.

நாற்பது வருஷம் வகுப்பில், “அளவு சொன்னால் பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்” என்று பையன்களை நிற்கவைத்துத் திட்டியவன் நான். எங்கள் பேட்டைக்கு அடுத்தாற்போல், பூசா பக்கத்தில், தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் இருக்கிறது. வத்திராயிருப்பில் பிறந்து, தமிழிலும் விஞ்ஞானம் எழுதிய கே.எஸ். கிருஷ்ணன்தான் அதன் முதல் இயக்குநர். நாட்டுக்கே படிக்கல்லான 57-ஆம் எண் கிலோகிராம் கட்டி அங்கேதான் இருக்கிறது. மாணவர்களுக்கு அதைச் சொல்லிப் பெருமைப்படுவேன். 2019-இல் கிலோகிராமுக்கே புது வரையறை வந்து, அந்தக் கட்டிகள் தலைமைப் பதவியை இழந்தன. உலோகக் கட்டியைக்கூட இத்தனை சந்தேகத்தோடு பார்க்கிறது விஞ்ஞானம். நானோ ஒரு மனிதரின் இதயத்தை ஒரு கழித்தல் கணக்கில் முடித்துவிட்டேன்.

கேட்டால் சொல்லும் கருவி

சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வேறு வழியில் போனார். உழைப்பவனிடமே கேட்டால் என்ன? 6 முதல் 20 வரை ஒரு ஏணி. 6 என்றால் ஒன்றுமே இல்லை. 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஆரோக்கியமான இளைஞனுக்குச் சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும் என்பதற்காகத்தான் 6-இல் தொடங்கினார். நெஞ்சு, கால், மூச்சு, பயம் எல்லாவற்றையும் மனிதன் தானே கூட்டி ஒரு எண்ணாகச் சொல்லிவிடுகிறான். இதய மருத்துவத்தில் இன்று இது உலகெங்கும் பயன்படுகிறது. நாடியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இன்னும் முக்கியம்.

நண்பர் தேறியபின் அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து, முகக்கவசம் மாட்டி மூச்சை அளந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். டக்ளஸ் பை இருந்த இடத்தில் இப்போது சின்ன இயந்திரம். மூச்சுக்கு மூச்சு திரையில் எண் ஓடுகிறது. அத்தனை இயந்திரத்துக்கு நடுவிலும், அந்தப் பெண் ஊழியர் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓர் அட்டையைக் காட்டி, “எத்தனை?” என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். நண்பர் மூச்சிரைக்க அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் மூடியிருக்கிறது, விரலால் காட்ட வேண்டும். இந்திச் சொல்லும் இங்கிலீஷ் சொல்லும் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் உடம்பு படும் பாட்டைத் தாய்மொழியில்தான் ஒருவனால் சட்டென்று சொல்ல முடியும் என்பதை அன்று கண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரும் நானும் உட்கார்ந்து ஒரு தமிழ் அட்டை தயாரித்தோம். இலக்கணத் தமிழில் முதலில் எழுதினேன். “வாத்தியாரே, ஓடறப்ப எவன் ‘மிகக் கடினம்’னு நினைப்பான்?” என்று அடித்துவிட்டார். கடைசியில் நின்றது இதுதான்: 6 – சும்மா இருக்கேன். 9 – ரொம்ப லேசு. 11 – லேசு. 13 – கொஞ்சம் கஷ்டம். 15 – கஷ்டம். 17 – ரொம்பக் கஷ்டம். 19 – விட்டுடு. 20 – முடியலை. இப்போது பதினைந்து பேர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நண்பருக்கு மருத்துவர் விதித்த எல்லை 13.

அட்டை மறந்த நாளுக்கு ஒரு திருக்குறள் போதும். நடந்துகொண்டே குறள் முழுவதையும், ஏழு சீரையும் தடையில்லாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். முதலடியின் நாலு சீரோடு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஒரு சீருக்கு மேல் வரவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். பேசிப் பார்த்து வேகத்தை மதிப்பிடும் சோதனை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று. அதற்குக் குறளை வைத்தது மட்டும் எங்கள் வீட்டுக் கணக்கு. மார்பில் வலி, தலைசுற்றல் என்றால் எந்தக் கணக்கும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நவம்பர், டிசம்பரில் டெல்லிக் காற்று கெட்டுக்கிடக்கும் நாட்களில் பூங்காவுக்கே போகாமல் இருப்பது உத்தமம். வேகமாக மூச்சு வாங்கினால் அந்தப் புகையும் அத்தனை மடங்கு உள்ளே போகும்.

இளைஞர்களின் ஓட்டத்தை நான் குறை சொல்லவில்லை. முறையாக அளவெடுத்துச் செய்தால் இதய நோயாளிகளுக்குக்கூட இடைவெளிப் பயிற்சி நன்மை தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவர் கண்காணிப்பில் நண்பரே இப்போது ஒரு நிமிஷம் வேக நடை, இரண்டு நிமிஷம் மெது நடை என்று மாற்றி மாற்றி நடக்கிறார். நான் அவருக்குப் பின்னால் போகிறேன். வேப்பமரம் தாண்டும்போது திரும்பாமலே, “பதிமூணு, வாத்தியாரே” என்று குரல் கொடுப்பார். அவர் கையில் இப்போது கடிகாரம் இல்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மருத்துவ முகாமில் இந்தத் தமிழ் அட்டையையும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு மருத்துவர் பார்த்துத் திருத்திய பிறகு, பிழை வரம்பையும் கீழே போட்டு.